கொம்பில்லாத மான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். இன்று எனக்கு அந்த ஆவல் இல்லை. போனில் பேசினால் "டென்ஷன் ஆகாதேம்மா" என்று பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ ஏற்பாடு செய்த காட்டு முகாமுக்குப் போய் வந்துவிட்டோம். கூடாரம் சுத்தமாக இருந்தது, உள்ளே கட்டில்கூடப் போட்டிருந்தார்கள். கழிப்பறைதான் தூரம். போகிற வழியில் உன் அப்பா ஒரு கூடாரக் கயிறு விடாமல் இடறினார். செருப்பு சரியில்லை என்றார். நானும் செருப்பைத்தான் திட்டினேன், மடச்சி.

சாயங்காலம் குட்டைக்கு எதிரே உள்ள பரணில் எல்லோரையும் ஏற்றி உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, அசையக் கூடாது. அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும். பக்கத்துக் கூடாரத்து நர்ஸம்மாவும் அவர் வீட்டுக்காரரும் எங்களோடு இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இடது பக்கப் புதரிலிருந்து ஒரு பெண் மான் வந்தது, பின்னாலேயே குட்டி. புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் கேட்கும் அளவுக்குக் கிட்டே. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், உன் அப்பா நேரே குட்டையைப் பார்த்துக்கொண்டு "இன்னிக்கு ஒண்ணும் வராது போல" என்று என் காதில் சொல்கிறார்.

தொடையில் கிள்ளினேன். உடனே, "பாத்தேன் பாத்தேன், கொம்பு எப்படிக் கிளை விட்டிருக்கு பாரு" என்றார். பெண் மான் தலையில் ஏதடா கொம்பு? நர்ஸம்மா கிண்டல் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மான் நகர்ந்து அவருக்கு நேர் எதிரே வந்ததும் மனுஷருக்குத் தூக்கிவாரிப் போட்டது, என் கையை இறுக்கிப் பிடித்தார். அதுவரை அவர் மானையே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூடாரத்துக்கு வந்ததும் விடாமல் கேட்டேன். முதலில் எரிந்து விழுந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஓரப் பார்வை போய்விட்டதாம், நேரே இருப்பது மட்டும்தான் தெரியுமாம், போனது திரும்பாதாம். போன லீவில் நீதான் டாக்டரிடம் கூட்டிப் போனாயாம். இனி வண்டியைத் தொடக் கூடாது என்று உன்னை வைத்துக்கொண்டுதான் டாக்டர் சொன்னாராம். "உன்கிட்ட சொல்ல வேணாம்னு நானும் பெரியவனும் பேசி வச்சோம்" என்றார்.

பேசி வைத்தீர்களா! நல்ல கூட்டணிதான். நான் ஒருத்தி எதற்கு இந்த வீட்டில்? முகாமுக்குப் போகும்போது மலைப்பாதை முழுக்க அவர்தான் ஓட்டினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வளைவுக்கு வளைவு வேடிக்கை பார்த்தேன்.

இந்த மாதமே போய்விட்டு வாருங்கள் என்று நீ ஏன் அவசரப்படுத்தினாய் என்பது இப்போது புரிகிறது. பார்வை இருக்கும்போதே அப்பா நாலு மிருகத்தைப் பார்த்துவிடட்டும் என்று நினைத்தாய். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனை நினைத்தாயா? முன்பல் விழுந்த ஒரு வாண்டு, மூலை வீட்டில் இறங்கியதும் வேனுக்குக் குறுக்கே ஓடுமாம். அவரே சொல்லிச் சிரிப்பார். நீ போன பிறகும் இத்தனை மாதம் அந்தப் பிள்ளை குறுக்கே ஓடியிருக்கிறாள். அவளுக்கு ஒன்று ஆகியிருந்தால் அவளைப் பெற்றவள் முகத்தில் நான் எப்படியடா விழிப்பேன்? படித்தவன் நீ, வாயைத் திறக்க உனக்கு என்ன கேடு?

மறுநாள் காலையிலும் பரணுக்குப் போனோம். நான் வேண்டாம் என்றேன், அவர்தான் பிடிவாதம் பிடித்தார். "வர்றதை நீ சொல்லு, நான் திரும்பிப் பாக்குறேன்" என்றார். காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு வந்தது. வலது பக்கம், மரத்தடியில் என்று காதில் சொன்னேன். தலையை மெல்லத் திருப்பித் தேடிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்; திரும்பும்போது அவர் வீட்டுக்காரர்தான் நம் வண்டியை ஓட்டி வந்தார், நர்ஸம்மா தங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. "இந்த ஒரு வருஷம் ஓட்டிட்டு விட்டுடறேன்" என்கிறார். தலைமையாசிரியையிடம் நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் வண்டியைப் பிடுங்கியவள் என்று அதன் பிறகு என் கையைத் தட்டிவிட்டால், அந்த மனுஷரைக் கூட்டிக்கொண்டு போவது யார்? நீ தூரத்தில் இருக்கிறாய். உன்மேல் கோபித்துக்கொண்டால் அவருக்குத் தாங்கும். நீயே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து சொல். அந்தக் கெட்ட பெயரை நீ வாங்கிக்கொள். திறப்பதற்கு முதல் நாள் வரை பொறுப்பேன், அதற்குமேல் நானே போய்விடுவேன்.

இந்த வியாதி அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம் என்று நர்ஸம்மா சொன்னார். நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டு. டாக்டர் என்ன சொன்னாலும், எதுவாக இருந்தாலும், முதலில் என்னிடம் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா