பேரரசுக்கு நான் கொடுத்த ஜாமீன்

1917 அக்டோபர் 9, அகபா

பல் வலி. முகாமில் தகர டப்பா மாட்டிறைச்சியும் ஈயும் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. மேஜர் வின்டர்ஸ் கிராம்புத் தைலம் கொடுத்தார். இந்த இங்கிலீஷ்காரர்களில் என்னை மித்ரி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் வெறும் துபாஷி.

நாளை மலைப்பக்கம் போகிறோம், ஷேக் முத்லக்கைப் பார்க்க. எங்கள் கரக் ஊருக்குத் தெற்கே மேய்கிற கூட்டம் அவருடையது. அவர் இந்தப் பக்கம் வந்துவிட்டால் ரயில்பாதை நெடுகத் துருக்கியருக்குத் தலைவலி. வராவிட்டால் தலைவலி எங்களுக்கு.

1917 அக்டோபர் 13, ஷேக்கின் கூடாரம்

எழுதி வைத்துவிட வேண்டும். இன்று ஒரு காரியம் செய்தேன், சரியா தவறா தெரியவில்லை.

மேஜர் பேசினார், நான் அதை அரபியில் சொன்னேன். போர் முடிந்ததும் டமாஸ்கஸிலிருந்து கடல்வரை அரபிகளின் ராஜ்யம். துருக்கியன் போன இடத்தில் வேறு எந்த அன்னியனும் வந்து உட்கார மாட்டான். இது பிரிட்டிஷ் அரசின் வாக்கு.

ஷேக் முத்லக் பேச்சு முடியும்வரை தீயைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நல்ல வாக்கு. ஜாமீன் யாரு?"

மேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்து, "பிரிட்டிஷ் பேரரசே ஜாமீன்" என்றார்.

"பேரரசுக்கு முகம் எங்க இருக்கு? நாளைக்கு வாக்கு தப்பினா நான் யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறது? கடல்லயா?" என்றார் ஷேக். கூடாரமே சிரித்தது. மேஜரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் ஒப்பந்தம் என்றால் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவன் வேண்டும். அவன் தாடியைத் தொட்டு "இது என் முகத்தில்" என்று சொன்னால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். வாக்கு நிறைவேறினால் அவன் பெயரில் வெள்ளைத் துணி ஏற்றுவார்கள். தப்பினால் கறுப்புத் துணி. அதற்குப் பிறகு அவன் சாட்சி செல்லாது, அவன் காபியை யாரும் குடிப்பதில்லை, அவன் வீட்டில் பெண் எடுப்பதில்லை. ஒட்டகத் தகராறு, கிணற்றுத் தகராறு என்று நானே எத்தனையோ முறை முகம் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

தட்டில் இறைச்சியின் மேல் தயிர் ஆறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. ஜாமீன் இல்லாமல் கை வைக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மேஜருக்குத் தெரியாது. நான் அடுத்துச் செய்ததற்குப் பசிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் நம்பினேன். அதுதான் உண்மை.

தாடியைத் தொட்டேன். "என் முகத்தில்" என்றேன்.

"நல்லா யோசிச்சுட்டியா மித்ரி? வீட்ல பொண்ணு இருக்கு உனக்கு."

"யோசிச்சுட்டேன், அபூ நாயிஃப்."

ஷேக் முதல் கவளத்தை எடுத்து என் பக்கம் வைத்தார். என்ன சொன்னாய் என்று மேஜர் கேட்டார். "உங்களை நல்ல மனிதர் என்றேன்" என்று சொல்லிவைத்தேன்.

1917 அக்டோபர் 14

ஷேக்கின் மூத்த மகன் நாயிஃப் குதிரைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வருகிறான். இவன் பெயரைச் சொல்லித்தான் ஷேக்கை அபூ நாயிஃப், நாயிஃபின் அப்பா, என்று கூப்பிடுகிறோம். வழி முழுக்க என்னைச் சீண்டினான். "மித்ரி அண்ணே, மழை வருமான்னு கேட்டா அதுக்கும் முகம் குடுப்பீங்களா?"

1918 ஜனவரி 22, அகபா

துருக்கியர் ஊர் ஊராகச் சொல்கிறார்களாம்: இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எங்கள் தேசத்தை ஏற்கெனவே ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள், ரஷ்யாவில் புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் அதை வெளியே போட்டுவிட்டார்கள் என்று. ஷேக் ஆள் அனுப்பிக் கேட்கிறார்.

மேஜரிடம் போனேன். சவரம் செய்துகொண்டிருந்தார். "எதிரி வேறென்ன சொல்வான் மித்ரி?" என்றார். கத்தி நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

ஷேக்குக்குச் சொல்லியனுப்பினேன்: பொய். என் முகம் அப்படியே இருக்கிறது.

1918 மார்ச் 30

நாயிஃப் போய்விட்டான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில், கழுத்தில் குண்டு. நான் நூறடி பின்னால் கழுதைகளோடு இருந்தேன். ஒட்டகத்தில் கட்டி ஷேக்கிடம் கொண்டுபோனோம். வழியில் அவன் காலணி ஒன்று விழுந்தது. இறங்கி எடுத்தேன். மாட்டிவிட்டேன். மறுபடி விழுந்தது.

அவன் அம்மா வத்ஹா வாய் திறக்குமுன் ஷேக் கையை உயர்த்தினார். "அழுகை வேணாம். அவன் ராஜ்யத்துக்குப் போனவன். ராஜ்யம் வரட்டும், சேர்த்து அழுவோம்."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. ரொட்டி கேட்டு வாங்கித் தின்றேன்.

1918 அக்டோபர் 4, டமாஸ்கஸ்

நகரம் நம் கையில். தெருவெல்லாம் பன்னீர் தெளிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவன் என் கன்னத்தில் முத்தம் வைத்து அழுதான். நானும் அழ வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. தூங்கினேன்.

1919 டிசம்பர் 2, கரக்

வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. ராஜ்யம் எங்கே என்று ஷேக் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. மேஜர் ஜெருசலேமில் ஏதோ அலுவலகத்தில் இருக்கிறாராம்.

1920 ஜூலை 30

பிரெஞ்சுக்காரர்கள் டமாஸ்கஸுக்குள் வந்துவிட்டார்கள். மலைக்கணவாயில் தடுக்கப் போனவர்கள் அரை நாள்கூட நிற்கவில்லையாம். டமாஸ்கஸில் இருந்த நம் அரபு அரசர் ரயிலேறிப் போய்விட்டார். ஆற்றுக்கு மேற்கே இங்கிலீஷ்காரன், வடக்கே பிரெஞ்சுக்காரன்.

சேதி சொன்ன ஆளுக்குக் காபி கொடுத்தேன். அவன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கலாமா கூடாதா என்று என் முகத்தையே பார்த்தான். பிறகு குடித்தான்.

1920 ஆகஸ்ட் 8, ஜெருசலேம்

வாக்கு தப்பி முகம் அறுபட்டால் ஜாமீன்காரன் வாக்குக் கொடுத்தவனிடம் போய்க் கேட்க வேண்டும். முறை அது. வந்தேன், காத்திருந்தேன், மேஜரைப் பார்த்தேன். சற்றுத் தடித்திருக்கிறார். எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அந்தக் கூடாரத்தில் உங்களுக்காக நான் என்ன செய்தேன் தெரியுமா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தாடியைத் தொட்டும் காட்டினேன்.

மேஜர் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பிறகு, "நீ அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

சொல்லியிருந்தால்?

"முகம் கொடுக்காதே என்று தடுத்திருப்பேன்" என்றார்.

அப்படியானால் அன்றைக்கே தெரியுமா உங்களுக்கு? கேட்டேன். கேட்டுவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "முழுவதும் தெரியாது" என்றார். எனக்கு இங்கே நல்ல வேலை போட்டுத் தருகிறேன் என்றார். கோபம் வந்திருக்க வேண்டும். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

1920 ஆகஸ்ட் 19, கரக்

ஷேக்கிடம் நானே போனேன். கூடாரத்தில் கூட்டமாக ஆட்கள் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன்: "அபூ நாயிஃப், வாக்கு தப்பிடுச்சு. போய்க் கேட்டேன், ஒண்ணும் ஆகல. என் பேர்ல கறுப்புத் துணி ஏத்துங்க."

"உக்காரு."

"ஏத்துங்க. அது உங்க உரிமை."

"உக்காருடா. காபி குடி." எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு தணிந்த குரலில், "துணி ஏத்தினா வாக்கு செத்துப்போச்சுன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. அப்புறம் என் புள்ள எதுக்குச் செத்தான்? தாமதமாவுதுன்னு சொல்லிட்டிருக்கேன். தாமதமாவுது, அவ்வளவுதான். நீயும் அப்படியே சொல்லு" என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"நான் இருக்கிற வரைக்கும்."

காபி குடித்தேன். வேறென்ன செய்ய?

1920 செப்டம்பர் 11

துணி ஏறவில்லை என்பதால் எல்லோரும் வருகிறார்கள், உட்காருகிறார்கள், மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். யாரும் என்னை ஜாமீனுக்குக் கூப்பிடுவதில்லை. மகள் தக்லாவைப் பெண் கேட்ட மாதபா ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வருகிறோம் என்றும் சொல்லவில்லை. இங்கேயும் தாமதம்தான்.

"ஒண்ணு நல்லா வையட்டும், இல்ல நல்லா மன்னிக்கட்டும். இது என்ன, ஊறவும் இல்லாம வேகவும் இல்லாம" என்றாள் என் மனைவி நஜ்லா.

1920 செப்டம்பர் 12

நேற்றுப் போலத்தான்.

1920 அக்டோபர் 3

வத்ஹா வந்தாள். ஷேக்கின் மனைவி, பட்டப்பகலில், துணைக்கு ஒரு ஆளில்லாமல், கோவேறு கழுதையில் எங்கள் தெருவுக்கு. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நஜ்லா ஓடிப்போய்ப் பாய் விரித்தாள். அவள் உட்காரவில்லை.

"மித்ரி, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அந்த ராஜ்யம் வருமா?"

தாமதமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராதும்மா."

"எப்பவுமா?"

"எப்பவும் வராது."

தலையாட்டினாள். தன் கறுப்புத் தலைத்துணியின் ஒரு ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். என் கூரைக்குச் சாத்தியிருந்த ஏணிக் கம்பில், தெருவுக்கே தெரியும்படி கட்டினாள். முடிச்சு இறுக மாட்டேனென்றது, விரலெல்லாம் வாதம் அவளுக்கு. நான் கம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் மகனே, என் மகனே என்று. இரண்டரை வருஷத்து அழுகை. நஜ்லாவும் தக்லாவும் பக்கத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள்.

நானும் அழுதேன். அந்தக் காலணி — அது மறுபடி மறுபடி விழுந்துகொண்டே இருந்தது — எத்தனை தடவை மாட்டினேன் — அவன் பாதம் குளிர்ந்திருந்தது. ஏன் இதை அன்றைக்கு எழுதவில்லை?

1920 அக்டோபர் 5

ஷேக் நேற்றுச் சந்தைக்கு இந்தத் தெரு வழியாகத்தான் போனார். துணியைப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்லவில்லை. குதிரையை நிறுத்தவும் இல்லை. மாதபாக்காரர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது: வேண்டாமாம். தக்லா என்னோடு பேசுவதில்லை. இன்று அரைப்படி காபிக்கொட்டை வறுத்துவைத்தேன், அப்படியே இருக்கிறது. இரவு நன்றாகத் தூங்கினேன். நாயிஃப் போனபின் இப்படித் தூங்கியதில்லை.

1920 நவம்பர் 17

ஊருக்குப் புதிதாக ஒரு இங்கிலீஷ் கேப்டன் வந்திருக்கிறான். இளைஞன். ஷேக்குகளைக் கூட்டிப் பேச வேண்டுமாம். துபாஷி தேடி என் வாசல்வரை வந்த அவனுடைய ஆளைப் பக்கத்து வீட்டுக்காரர் தடுத்துத் திருப்பி அனுப்பினார்: "அந்த வீட்டுப் பேச்சு இங்க செல்லாது தம்பி." நியாயம்தான். பள்ளிக்கூட வாத்தியார் பூலுஸைக் கூட்டிப்போனார்கள்.

மாலையில் பூலுஸ் வந்தான். தெருவில் நின்றபடியே பேசினான், உள்ளே வரமுடியாதே. முகமெல்லாம் பூரிப்பு.

"நீங்க ஷேக் முத்லக்கப் பத்தி என்னென்னமோ சொல்லிப் பயமுறுத்துனீங்களே. கேப்டன் நம்ம ஊருக்கு நாமே அரசாங்கம், பள்ளிக்கூடம், ரோடு, எல்லாம் செஞ்சு தரோம்னு வாக்கு குடுத்தான். ஷேக் தங்கமான மனுஷன். எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. உடனே சாப்பிட உக்காந்துட்டாங்க."

"ஜாமீன் கேட்டாரா?"

பூலுஸ் யோசித்தான்.

"இல்லியே" என்றான். "அதப் பத்திப் பேச்சே வரல."