வானகரத்து வெயிலில் நின்ற மணப்பெண்

அண்ணி,

இன்று காலை உங்கள் மகளுக்காகப் பெட்டியைத் திறந்து உங்கள் கூறைப்புடவையை எடுத்தேன். மடிப்புக்குள் இன்னும் திருநீற்று வாசனை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை முதன்முதலில் பார்த்த அந்தப் பகல் கண்முன் வந்தது. தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று சைவர்களும் வைணவர்களும் வெட்டிக்கொண்ட காலம். மேனாம்பேட்டில் வைக்கோற்போர்கள் எரிந்தன, பிணங்கள் விழுந்தன. சண்டை நிற்கட்டும் என்றுதான், சிவனைக் கும்பிடும் திருமுல்லைவாயில் வீட்டுப் பெண்ணான உங்களை, பெருமாளைக் கும்பிடும் பூந்தமல்லிப் பாளையக்காரரான என் அண்ணனுக்குப் பேசி முடித்தார்கள். எதிர்கொண்டு அழைத்துவர அண்ணனோடு நானும் போனேன்.

வானகரத்தில் எங்கள் சித்தப்பா உங்கள் பல்லக்கை மறித்தார். அவர் பின்னால் வேல்கள்.

"நெத்தியத் தொடச்சிட்டு நாமம் போட்டுக்கினு வரட்டும். இல்லேன்னா பல்லக்கு நவுராது."

உங்கள் தமையன் வாளை உருவினார். "என் தங்கச்சி நெத்தில கை வெச்சா, அந்தக் கை இருக்காது."

அண்ணன் இரு பக்கத்துக்கும் நடுவே குதிரையை இழுத்து நிறுத்தினார். எந்தப் பக்கம் பேசினாலும் ரத்தம்.

நீங்கள் திரையை விலக்கி இறங்கினீர்கள். மணப்பெண் நடுவழியில் மண்ணை மிதித்து நாங்கள் பார்த்ததில்லை. ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்தேன். எங்கிருந்தோ ஒரு கல் வந்து உங்கள் புருவத்தைக் கிழித்தது. தமையன் பாய்ந்தார்.

"அண்ணா, வாள உறையில போடு," என்றீர்கள், குரலை உயர்த்தாமல். பிறகு என் அண்ணனைப் பார்த்தீர்கள். "நான் திருநீற தொடைக்க மாட்டேன். உங்க நாமத்தயும் தொடைக்கச் சொல்ல மாட்டேன். இப்படியே கூட்டிக்கினு போறதுன்னா வாங்க. இல்லேன்னா இங்கியே நிக்கிறேன்."

அண்ணன் இறங்கி வந்தார். மேலாடையைக் கிழித்து, திருநீறு கலையாமல் ரத்தத்தை ஒற்றினார்.

"வழி வுடு, சித்தப்பா. இல்லேன்னா மொதல்ல என்னக் குத்து."

சித்தப்பாவின் வேல் தாழ வெகுநேரம் ஆயிற்று.

பகை அன்றோடு தீர்ந்துவிடவில்லை. சித்தப்பா கடைசிவரை உங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஆனால் நீங்கள் இருந்தவரை இந்தச் சீமையில் தேருக்காக ஓர் உயிரும் போகவில்லை. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன அன்று இரண்டு கோயில்களிலும் நடை சாத்தினார்கள்.

இன்று உங்கள் மகள், நெற்றியில் நாமத்தோடு, உங்கள் தமையன் மகனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். அங்கேயும் சிலர் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்களாம். புடவை கட்டிவிடும்போது கேட்டாள்:

"அத்தே, அம்மா அன்னிக்கு பயப்படவே இல்லியாமே? எனக்கு பயமா இருக்கே."

ஊரே அப்படித்தான் சொல்கிறது, அண்ணி. கையைப் பிடித்திருந்த எனக்கு மட்டுந்தான் தெரியும்.

"யார் சொன்னது? ஜுரம் வந்தாப்ல கை நடுங்குச்சுடி. நடுங்கிக்கினேதான் நின்னாங்க."

பல்லக்கு ஏறும்வரை அவள் என் கையை விடவில்லை. இப்போது என் உள்ளங்கையில் உங்கள் இருவரின் நடுக்கமும் இருக்கிறது.