நாலாயிரம் அம்மாக்கள்

மார்ச் 4

ஆசிரியர் அறைக் கதவில் ‘தள்ளவும்’ என்றிருந்த இடத்தில் ‘இழுக்கவும்’ என்று ஒட்டினேன். கணக்கு வாத்தியார் இழுத்த இழுப்பில் கைப்பிடி அவரோடு வந்துவிட்டது. எனக்கு நாள் முழுக்க வராண்டாவில் காவல் உத்தியோகம்.

இரவு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாளை அவருடைய புது வீடியோ கேம் பற்றிப் பேட்டியாம், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லையாம். “ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு அம்மா இருக்காங்கன்னு சொல்லுங்க. சுட்டா, மகனைத் தேடிக்கிட்டு வந்துடுவாங்க” என்றேன். சித்தப்பாவுக்குப் புரையேறியது. அப்பா சிரிக்கவில்லை.

மார்ச் 6

சொல்லியே விட்டார். “எங்க கேம்ல எதிரி வெறும் குறி இல்லை. ஒவ்வொருத்தனுக்கும் அம்மா உண்டு.” முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இணையத்தில் எல்லாரும் உருகுகிறார்கள். என் வகுப்பிலேயே பாதிப் பேர் முன்பதிவு செய்துவிட்டார்கள்.

அப்பா கம்பெனித் தலைவர். சித்தப்பா அங்கே தலைமை புரோகிராமர். அப்பா வாய்ப்பந்தல் போடுவார், அதற்குக் கால் நட வேண்டியது சித்தப்பா.

மார்ச் 7

கூடத்தில் சண்டை.

“நாலாயிரம் எதிரி இருக்கான்ணே. நாலாயிரம் அம்மாவுக்கு நான் எங்க போவேன்? முடியாது.”

“முடியாதுன்னு வெளிய சொல்லித் தொலைக்காத. பாத்துக்கலாம்.”

யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 19

வீடியோ கேம் கண்காட்சிக்காகச் சித்தப்பா ஒரே ஒரு அம்மாவைச் செய்திருக்கிறார். எனக்குக் காட்டினார். சாம்பல் நிறச் சால்வை. விழுந்து கிடப்பவர்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துக்கொண்டே வருகிறாள். ஏதாவது நக்கலடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

மேடையில் அப்பா: “இது ஒரு துளிதான்.”

அந்தத் துளியே சித்தப்பா தூங்காமல் செய்ததுதான்.

ஜூலை 2

கேம் வெளிவந்தது. ஒரே ஒரு தெருவில் ஒரே ஒரு அம்மா. மற்ற எல்லாரும் அனாதைகள்.

ஜூலை 9

பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஊரே கத்துகிறது. அப்பா பேட்டி: “தொழில்நுட்பக் குழு முடியும்னு உறுதி கொடுத்தாங்க. நான் நம்பினேன்.”

அந்தக் குழுவுக்குத் தலை யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜூலை 10

சித்தப்பா வேலையை விட்டுவிட்டார்.

“அவரு முடியாதுன்னு சொன்னாரே, நானே காதால கேட்டேனே” என்றேன் அப்பாவிடம்.

“பிசினஸ்டா அது. ஒரு வாரத்துல மறந்துடுவாங்க.”

ஆகஸ்ட் 3

மறக்கவில்லை. சித்தப்பா வேலை கேட்டுப் போன இடமெல்லாம் “ஓ, அந்த அம்மா கேஸா?” என்கிறார்களாம். வேலை கிடைக்கவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. யோசனை என்னுடையது என்பதாலா? அப்பாவின் மகன் என்பதாலா?

ஆகஸ்ட் 11

அப்பா குளியலறையில். அவர் போன் அடித்தது, எடுத்தேன். நிருபர். “வணக்கம் சார்” என்றார். குரல் உடைந்ததிலிருந்து போனில் எல்லாரும் என்னை அப்பா என்றே நினைக்கிறார்கள். வழக்கமாக அதை வைத்து ஏதாவது கலாட்டா செய்வேன்.

“அந்த அம்மா விஷயத்துல உண்மையில என்ன சார் நடந்தது?”

“முடியும்னு யாரும் சொல்லலை. என் தம்பி முடியாதுன்னுதான் சொன்னான். சாப்பிடும்போது என் பையன் அடிச்ச ஜோக்கு அது. நான் பேட்டில எடுத்து விட்டுட்டேன். தப்பு என்னோடது.”

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, “இதைப் பேப்பர்ல போட்டுக்கலாமா சார்?”

“போட்டுக்குங்க.”

குளியலறையில் தண்ணீர் நின்றது. போனை வைத்துவிட்டேன். 

ஆகஸ்ட் 13

வந்துவிட்டது. அப்பா பேப்பரைப் படித்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இன்றைக்குத் தோலை உரித்துவிடுவார் என்று நின்றேன். அதற்குள் போன். பிறகு இன்னொன்று. எல்லாம் பாராட்டு. இப்படி ஒரு தலைவரைப் பார்த்ததே இல்லையாம்.

மூன்றாவது போனில் அப்பா சொன்னார்: “மனசாட்சி உறுத்துச்சு சார்.”

ஆகஸ்ட் 17

சித்தப்பா வந்தார். இளைத்திருக்கிறார். வாசலிலேயே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு ஊருக்கே சொல்லிட்டியேண்ணே. அது போதும் எனக்கு.”

அவர் தோளுக்கு மேலாக அப்பா என்னைப் பார்த்தார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நின்றேன்.

“தம்பியாச்சேடா. எப்படிச் சொல்லாம இருப்பேன்?”

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.