ஊசியைக் கீழே வையுங்கள், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

அன்று போனில் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் நீங்களே சொல்லுங்கள், தையல் மிஷினின் எண்ணெய் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்வதுபோல ரவுட்டரின் ஓட்டையில் யாராவது ஊசியை விடுவார்களா? கேட்டால், "தூசி அடைச்சிருந்துச்சுடா, குத்தி எடுத்தேன்" என்கிறீர்கள். அதற்குள் அழுத்தினால் போட்டுவைத்த செட்டிங் எல்லாம் அழிந்துவிடும், அப்பா!

முகம் தெரியாதவர்களுக்கு நாள் முழுக்க போனில் ரவுட்டரைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அவர்களிடம் ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை. உங்களிடம் கத்தியதைக் கேட்டு, "யாருங்க அந்த கஸ்டமர்?" என்றார் பக்கத்து சீட்காரர். சிரித்து மழுப்பினேன்.

சரி, பொறுமையாகச் செய்யுங்கள். போனை ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை பிரவுசரில் அடியுங்கள். இணைப்புக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்கும். இரண்டையும் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். சேவ் கொடுத்துவிட்டு எதையும் தொடாதீர்கள். ஊசியை அம்மாவிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

முடிந்தால் ஒரு சட்டை தைத்து அனுப்புங்கள். இங்கே வாங்குவது எதுவும் தோளில் உட்காரமாட்டேன் என்கிறது.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. லைன் வந்ததும் வீடியோவில் கூப்பிடுங்கள். வழக்கம்போல போனைச் சாய்த்துப் பிடித்து, முகத்துக்குப் பதிலாக ஃபேனைத்தான் காட்டுவீர்கள். பரவாயில்லை. அந்த ஃபேனைப் பார்த்தே மூன்று வாரமாகிறது.

உங்கள் மகன்