மேக்ஸ்வெல் பிடுங்கிய ஒயர்

அன்பு மகள் ஆன்மேரிக்கு, அப்பா எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுத இந்தக் குளிரும் என் இருமலும் விடவில்லை. பெர்லினில் இதைவிடக் குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே மதியம்வரை மூடுபனி விலகுவதில்லை. காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை, வருகிற ஒருத்தியும் அடிவாரத்திலிருந்து பஸ் லேட் என்று வெயில் வந்த பிறகுதான் வருகிறாள். உன் சத்தப் பெட்டிக்கு ஈரம் ஏறக்கூடாதென்று பக்கத்தில் ஒரு குண்டு பல்பு பகலும் இரவும் எரிகிறது, கரண்டு பில்லைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதுவது எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். போனில் சொன்னால் நீ அழுவாய், கேட்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் பெட்டியில், உன் சிந்தசைசரில், ஒரு ஒயர் இடம் மாறிவிட்டது. பொங்கலுக்குப் பிறகு நடக்கும் உன் கச்சேரிக்கு நீ அதில் அமைத்துவிட்டுப் போன சத்தம் வேண்டும், சுவிட்சைப் போட்டு ரெக்கார்டரில் பதிந்து அனுப்புங்கள், வேறெதையும் தொடாதீர்கள், இந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது, ஒயர் எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்குப் போகிறதோ அதுதான் சத்தம், கலைந்தால் எனக்கே திரும்ப வராது என்று நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. ஒரு போட்டோகூட எடுத்து வைக்காமல் போனது உன் பிழை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். போன வாரம் கிறிஸ்துமஸ் கேரல் குழு வீட்டுக்கு வந்தது. உன் சித்தப்பா மேக்ஸ்வெல்தான் தலைவன், அதனால் நான் இருமலைச் சாக்காக வைத்து அறையைவிட்டு வெளியே வரவில்லை. பியானோ பரீட்சைகள் எல்லாம் எழுதித் தேறியவன் நான், கோயில் பாட்டுக்குழுவைப் பங்குச் சாமியார் கொடுத்தது அவனுக்கு, அன்றிலிருந்து அவனிடம் எனக்குப் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். அவர்கள் கீபோர்டை ஸ்பீக்கரில் மாட்டும் ஒயரை நாகலூரில் ஏதோ வீட்டில் விட்டுவிட்டார்களாம். அவன் நேரே உன் அறைக்குள் போய்ப் பெட்டியிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு ஒயருதானுங்க அண்ணி, நாளைக்குக் கொண்டாந்து மாட்டிர்றேன் என்றானாம். சொன்னபடி மறுநாள் கொண்டுவந்து காலியாகத் தெரிந்த இரண்டு ஓட்டைகளில் செருகிவிட்டும் போயிருக்கிறான். நான் சுவிட்சைப் போட்டால் கொசு கத்துவது போல் ஒரே நீளச் சத்தம். இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். ஏனுங்க, கோவப்படாம கேளுங்க என்று அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

வேறு வழியில்லாமல் அவனை வரச்சொன்னேன். வாசலிலேயே நின்றுகொண்டு, ஏனுங்கண்ணா, நம்ம கீபோர்டு மாதிரி பட்டனை அமுக்குனாப் பழைய சத்தம் வந்துருமுன்னு நெனச்சனுங்க என்றான். உனக்கு எல்லாமே பட்டன்தான் என்றேன். அந்தக் கடுப்பு இன்னும் ஆறலீங்களா என்று சிரிக்கிறான். நான் ஒவ்வொரு ஓட்டையாக மாற்றிச் செருக, அவன் கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்து, இல்லீங்க, இதுவும் இல்லீங்க, இது மாவு மில்லுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தான். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊருக்குப் போறதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம பாப்பா எனக்குப் போட்டுக் காட்டுச்சுங்களே, நொம்ப நல்லா இருந்துச்சு, அடியில எருமை மூச்சு உடறாப்பல ஏறி எறங்கும், மேல மணி அடிச்சு ஓஞ்ச பொறவு ஒரு ரீங்காரம் நிக்குமே அது, என்றான்.

ஆன்மேரி, இந்த வீட்டில் உன் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. உள்ளே நீ ஹெட்போனோடு, வெளியே எங்களுக்குக் கேட்டதெல்லாம் நீ ஏதோ திருகும் சத்தம் மட்டும். நான் கேட்டால் குறை சொல்வேன் என்று நினைத்திருப்பாய். சொல்லியிருப்பேன்தான். இருந்தாலும் அவனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாய்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அது வந்தது. இதுதானுங்க, இதேதானுங்க என்று அவன் எழுந்துவிட்டான். அவனுக்குக் காது உண்டு என்பதை நான் என்றும் மறுத்ததில்லை, தாளம்தான் கிடையாது. பதிந்து முடியும்வரை அம்மாவையும் சேர்த்து மூன்று பேரும் பேசவில்லை, நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். எருமை என்று அவன் சொன்னது சரிதான். அது ஒவ்வொரு முறை அடங்கும்போதும் மறுபடி ஏறாதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவனை நான் காப்பி குடிக்கச் சொல்லவில்லை, அம்மா கொடுத்தாள், குடித்தான்.

ஒண்டிக்கடை முக்கிலிருக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் கொடுத்து உனக்கு அனுப்பிவிட்டேன். பெட்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்தும் வைத்திருக்கிறேன். சரியான சத்தம்தானா என்று கேட்டு எழுது. இனி வரும்போது ஹெட்போனைப் பெர்லினிலேயே வைத்துவிட்டு வா.

வேளைக்குச் சாப்பிடு கண்ணு, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் காக்கட்டும், கச்சேரி நல்லபடி நடக்கட்டும். மறக்காமல் ஒன்று, பதிவின் கடைசியில் ஒரு இருமல் விழுந்திருக்கிறது, துண்டையும் மீறி வந்துவிட்டது. கச்சேரிக்கு ஆகாது என்றால் வெட்டிவிடு.

உன் அப்பா,
சூசைமாணிக்கம்
ஏற்காடு