பன்றிக்குப் பின்னால் ஒரு மீன்

2025 ஜனவரி 12, எஸ்பியர்க்

காலையில் மூடுபனி. துறைமுகத்துக் கிரேன்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. என் வலது கண்ணுக்கு எல்லா நாளும் இப்படித்தான். இடது கண்ணிலும் நடுவில் புகை பிடிக்கத் தொடங்கிவிட்டது. கோடை வரைக்கும் வாசிக்கலாம், அதற்குப் பிறகு சொல்ல முடியாது என்கிறார் கண் டொக்டர்.

அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. நான் சேர்த்த கிரேக்க வெள்ளிக் காசுகளில் ஊர் தெரியாமல் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. உளுந்தை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் சிங்கத்தின் தலை, மறுபக்கம் பன்றியின் முன்பாதி. காசில் பன்றி போட்ட ஊர்கள் பல. ஆனால் இதன் முதுகுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது, கறுப்பு மூடிக் கிடக்கிறது. அது என்னவென்று தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும். என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

ஜனவரி 30

அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் சில்லறையை வாயில், கன்னக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார்களாம். பஸ்ஸில் கண்ணை மூடியிருந்தேன். ஒருத்தி மீன்காரன் முன்னால் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாக்கால் காசைத் தேடுகிறாள். அவன் ஈரத்தோடேயே வாங்கி மடியில் போடுகிறான். என் காசாக இருக்குமோ? கண் திறந்தபோது இறங்கவேண்டிய தரிப்பு எப்போதோ போய்விட்டது.

பெப்ரவரி 9

லென்ஸ், சாய்ந்த வெளிச்சம், போனில் பெரிதாக்கிய படம். ஒன்றும் இல்லை. கறுப்பு. தேய்த்து எடுக்கவும் கூடாது, பழங்காசின் மதிப்பே போய்விடும்.

பெப்ரவரி 25

நாளை சிவராத்திரி. சுசீலா சாமியறை வெள்ளிச் சாமான்களைத் திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறாள். ஜன்னலோரத் தட்டில் இருந்த என் காசுகளையும் சேர்த்து!

"கறுத்துப்போய்க் கிடந்துதுகள், பாவமாயிருந்துது" என்றாள்.

ஐயோ. இரண்டாயிரத்துச் சொச்சம் வருசத்துக் கறுப்பு. அதைத் தேய்க்கலாமோ? தேய்ச்சுப்போட்டாளே! உனக்கு என்ன விளங்கும் எண்டு கத்திப்போட்டன். கட்டின நாளிலையிருந்து அப்பிடிக் கத்தினதில்லை.

பெப்ரவரி 26

விரதம். அவள் சாமியறையில் விழித்திருந்தாள், நான் ஜன்னலோரத்தில்.

மார்ச் 2

காலைத் தேநீரோடு வந்தாள். உள்ளங்கையில் அந்தக் காசு.

"இஞ்சை பாருங்கோவன். பள்ளத்துக்குள்ளை திருநீறு நிண்டிட்டுது. ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு."

லென்ஸை வைத்தேன். எனக்குப் புகைதான்.

"தெரியேல்லை. நீ பாத்துச் சொல்லு."

அவள் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "பன்றி. பிடரி மயிர் கூடத் தெரியுது. பின்னாலை... மீன். ஓம், மீன்தான். நெடுக்க நிக்குது, வாலும் இருக்கு."

சூரை மீன். கிசிக்கோஸ்! தங்கள் காசில் சூரை போடாமல் விடாத கடற்கரை ஊர். அழுகை வந்துவிட்டது.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை" என்றேன்.

"தெரியும். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

ஏப்ரல் 21

இந்தப் பக்கத்தில் நான் எழுதும் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன போலிருக்கிறது. கிசிக்கோஸ் கடற்கரையில் வெயில் எப்படி இருந்திருக்கும்?

ஆகஸ்ட் 17

இவர் சொல்லச் சொல்ல சுசீலாதேவி எழுதுறன். இண்டைக்குத் தபாலிலை புதுக் காசு ஒண்டு வந்தது. நான் லென்ஸாலை பாத்துச் சொன்னனான். ஆந்தை எண்டு எழுதட்டாம். எனக்குக் கோழிக்குஞ்சு மாதிரித்தான் இருக்கு. அதை எழுதாதை எண்டவர். எழுதிப்போட்டன், அவருக்கு எங்கை தெரியப்போகுது. பிறகு வாசிச்சுக் காட்டச் சொன்னார். அதையும் சேத்தே வாசிச்சன். கனநேரம் சிரிச்சுக்கொண்டிருந்தார்.