பதினோராவது கோடு

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உறையைப் பிரித்ததும் பல்லி ஒன்று மையில் காலை நனைத்துக்கொண்டு ஓடியிருக்கிறதோ என்று நினைத்திருப்பாய். அது உன் அப்பாவின் கையெழுத்துதான். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனால் என் எழுத்துகளுக்கு இன்னும் கோட்டின் மேல் நிற்கப் பழக்கம் வரவில்லை, ஏறுகின்றன, இறங்குகின்றன, சில பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்துகொள்கின்றன. நான் நலம், ரத்த அழுத்தம் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தான் என்று மனது சொன்ன பிறகே பேனாவைத் திறந்தேன். இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட வேறு யாரும் எழுதவில்லை. முதல் பக்கத்துக்கு மட்டும் இரண்டு காலைகள் ஆயின. நூலகத்தின் பின்கூடத்தில் எங்களுக்கு எழுதப் படிக்க மாலை வகுப்பு எடுப்பவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், யாராவது ஓர் எழுத்தில் தடுக்கி நின்றால் போதும், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று பென்சிலால் மேசையைத் தட்டுவார். எழுபத்தொரு வயதில் எனக்கு வருமா என்று முதல் நாள் கேட்டேன். "ஏறிட்டீங்கல்ல, கடைசி ஸ்டாப் வரைக்கும் சீட் உங்களுக்குத்தான்" என்றார். இப்போது தெருவில் நடந்தால் எல்லாப் பலகையும் என்னைக் கூப்பிடுகிறது. நாற்பது வருஷம் நான் சாய்ந்து நின்று இளைப்பாறிய சுவரில் "இங்கே நிற்காதே" என்று எழுதியிருக்கிறது, தெரியுமா?

பெரியவர் விஷயம் உன் ஊர்ச் செய்தியிலும் நாறியிருக்கும். நான் வாசலில் காவல் காத்த அந்த அரசு மாளிகையில் குடியிருந்தாரே, தொற்றுக் காலத்தில் தினமும் சாயங்காலம் டிவியில் வந்து கையைக் கழுவு, கதவைச் சாத்து, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தால் மூச்சை அடக்கு என்று நமக்குப் பாடம் எடுத்தாரே, அவர்தான். பாவம், நமக்காக அவ்வளவு பாடுபட்டவர், தன் பிறந்த நாளை மறந்திருப்பார் என்று நான் நினைத்தேன். மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்தில் பந்தல் போட்டுக் கொண்டாடினார். அந்தப் படம் இப்போது பத்திரிகையில் வந்துவிட்டது. முதலில் அது பழைய படம் என்றார்கள். பிறகு பழைய படம் இல்லை, ஆனால் விருந்தும் இல்லை, ஆறு பேர் கலந்துகொண்ட அவசர ஆலோசனைக் கூட்டம் என்றார்கள். இருக்கலாம். நான் படிக்காதவன், ஆலோசனை என்றால் டிரம்ஸ் வாசிப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும். மூன்றடுக்குக் கேக்கை வெட்டிப் பார்த்துத்தான் நாட்டின் நிலைமையைத் தெரிந்துகொள்வார்கள் போலிருக்கிறது.

அந்த ஞாயிறு காலையில் பெரியவரின் உதவியாளர் என் காவல் கூண்டுக்கு வந்தார். எப்போதும் அக்குளில் ஒரு ஃபைல் வைத்திருப்பதால் நாங்கள் அவரை ஃபைல்காரர் என்றே சொல்வோம். என்னோடு வாசலில் நிற்கும் இன்னொரு காவலாளி பத்தாவது வரை படித்தவன், வருகிறவர் போகிறவர் பெயரையெல்லாம் ரிஜிஸ்டரில் எழுதுவது அவன்தான். அவனுக்கு அன்றைக்கு லீவு கொடுத்துவிட்டு, "இன்னிக்கு நீங்க ஒருத்தரே போதும் பெரியப்பா, ரிஜிஸ்டரை நான் எடுத்துட்டுப் போறேன், உங்களுக்குத்தான் எழுத வராதே" என்று சிரித்தார். எத்தனையோ படித்தவர்கள் வேலையில்லாமல் இருக்கும் நாட்டில், படிக்காதவன் என்பதற்காக ஒருவனைத் தேர்ந்தெடுத்த பெருமை எனக்குத்தான் கிடைத்தது. அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. எழுதத் தெரியாதவனுக்கு எண்ணவும் தெரியாது, வரையவும் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

என் நோட்டு உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதில் நீ பூனைக்கு மீசை போட்டு அடி வாங்கியிருக்கிறாய். தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பக்கத்தின் தலையில் ஒட்டுவேன், அதன் கீழே உள்ளே போன ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சின்னப் படம். போன் பிடித்த பழக்கத்தில் எண்கள் மட்டும் தெரியும் என்பதால் கார் எண்ணையும் பார்த்து வரைந்துவிடுவேன். யாரும் கேட்டு நான் வைத்த நோட்டு இல்லை, வாசலில் நிற்கிறவனுக்கு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் அவன் என்ன காவலாளி. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் நாற்பத்து மூன்று கோடுகள் இருக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் கிட்டார், ஒன்றின் பக்கத்தில் குதிகால் உயர்ந்த செருப்பு, ஒன்றின் பக்கத்தில் வெறும் மூக்கு, ஏனென்றால் அந்த மனிதர் முகத்தில் அதுதான் இருந்தது, முகக்கவசம் இல்லை. கேக் பெட்டியை நாலு பேர் தூக்கி வந்தார்கள், அதையும் வரைந்தேன். வரைந்து முடித்த பிறகு அது வேறு எதைப் போலவோ இருந்தது. ஏனென்றால் அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் உன் அம்மாவை எடுத்தோம், பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு, அவளைத் தூக்கவே ஆள் எண்ணிப் பார்த்தார்கள்.

விசாரணைக் குழு அமைத்ததும் அந்தப் பத்தாம் வகுப்புக்காரன் போய், "தாத்தா ஒரு நோட்டு வச்சிருப்பாருங்க" என்று சொல்லிவிட்டான். நோட்டோடு விசாரணைக்கு வரச் சொல்லி எனக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. வாழ்க்கையில் எனக்கென்று வந்த முதல் கடிதம், ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு நானே படித்தேன். மிரட்டல் கடிதமாக இருந்தால்கூட அவ்வளவு சந்தோஷமாகத்தான் படித்திருப்பேன். அடுத்த நாளே ஃபைல்காரர் வீட்டுக்கு வந்தார். ஆறு வருஷமாக என் தெரு எந்தப் பக்கம் என்று தெரியாதவர், கையில் பழங்கள், அக்குளில் ஃபைல், சட்டைப் பையில் மைப் பெட்டி. டைப் அடித்த ஒரு தாளை நீட்டி, "ஒண்ணுமில்ல பெரியப்பா, நீங்க இத்தனை வருஷம் ஒழுங்கா வேலை பார்த்ததைப் பத்தி நல்லபடியா எழுதியிருக்கு, ஒரு கைநாட்டு வச்சா போதும்" என்றார். நான் வகுப்புக்குப் போவது அவருக்குத் தெரியாது. கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, விரலை முதல் எழுத்தில் வைத்தேன். 'மேற்படி' என்ற சொல்லுக்கே நாலு நிமிஷம் ஆயிற்று, அந்த நாலு நிமிஷத்தில் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவெல்லாம் வேணாம் பெரியப்பா, கண்ணு வலிக்கும்" என்று தாளை மெல்ல இழுத்தார். "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று எனக்கே சொல்லிக்கொண்டு நான் அடுத்த சொல்லுக்குப் போனேன். அந்த நோட்டில் இருப்பவை பொழுது போகாமல் நான் கிறுக்கியவை என்றும், அன்று வந்தவர்கள் ஆறு பேர் மட்டுமே என்றும் நான் உறுதி கூறுகிறேனாம். நான் எவ்வளவு நன்றாகப் பேசுகிறேன் பார், எனக்கே தெரியவில்லை. படித்து முடித்ததும் அவர் பழத்தையும் மறந்து, மரியாதையையும் மறந்து, "வாசல் வேலை வேணுமா வேணாமா, யோசிச்சுக்க. வயசாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதினா போதும்" என்றார். யோசித்தேன் கண்ணு. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்த வேலை இல்லாவிட்டால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று தெரியவில்லை. அம்மா போன பிறகு அந்த வாசல்தான் என்னை நேரத்துக்குச் சாப்பிட வைத்தது. மறுநாள் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனேன்.

குழுவின் தலைவி ஓய்வு பெற்ற நீதிபதி அம்மா ஒருவர். பெரியவரின் வக்கீல் எழுந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர் கிறுக்கியதை எல்லாம் சாட்சியமாக எடுக்கக் கூடாது என்றார். "ஐயா, அப்ப தெரியாது, இப்பத் தெரியும். உங்க கையில இருக்கற தாள்ல தலைப்பைப் படிக்கட்டுங்களா" என்றேன். அவர் தாளைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா ஒவ்வொரு படமாகக் கேட்டார், நான் சொல்லச் சொல்ல ஒருவர் கார் எண்களை ஒத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தன. மூக்குப் படத்தைப் பார்த்ததும் முன் வரிசையில் ஒருவர் தன் மூக்கை மறைத்துக்கொண்டார், அதற்கு மேல் அடையாள அணிவகுப்பே தேவைப்படவில்லை.

முடிவும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் டிவியில் தோன்றி, யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாகச் சொன்னார். அவருக்குக் கடுமையான தண்டனையாக இதைவிடப் பெரிய மாளிகை உள்ள வேறு பதவி கொடுத்திருக்கிறார்கள். ஆறு பேர் பெயரை அழகாக ரிஜிஸ்டரில் எழுதிய ஃபைல்காரர் மட்டும் வேலையில் இல்லை, யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தாக வேண்டுமே. எனக்கு வயதாகிவிட்டது என்று திடீரென்று கண்டுபிடித்து மாதக் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்லி வந்த கடிதத்தை நாற்பது நிமிஷத்தில் படித்துவிட்டேன், முன்னேற்றம்தான்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். விசாரணையில் அந்த அம்மா பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டே போய் ஒன்பது நாள் முந்தைய தாளில் நின்றார். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை, ஆனாலும் மயானத்திலிருந்து வந்து நாள்காட்டியைக் கிழித்து ஒட்டினேன், ஒட்டாவிட்டால் அந்த நாள் நடந்ததாக எனக்கு நம்பிக்கை வராது. "உங்க வீட்டு இழவுன்னு சொல்றீங்க, பத்துப் பேருக்குத்தானே அனுமதி, இங்க பதினோரு கோடு இருக்கே" என்று கேட்டார். வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாங்கம்மா, நோட்டுல மட்டும் நானும் மீறினவன்தான். பத்துக் கோடு நின்னவங்க. ஓரமா இருக்கற ஒண்ணு என் பொண்ணு. அவ வரல. கார் ஏறட்டுமாப்பான்னு கேட்டா, வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றேன். அந்த அம்மா, அடுத்த பக்கம் போகலாம் என்றார்.

அன்றைக்கு நீ குறுக்கு வழி தெரிந்த டிரைவரைப் பிடித்து, பையோடு உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு போன் செய்தாய். முந்தின நாள் டிவியில் பெரியவர் சொன்னதை அப்படியே உன்னிடம் ஒப்பித்து உன்னை வர விடாமல் நிறுத்தினேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக நீ என்னிடம் பேசுவதெல்லாம் மாத்திரை போட்டாச்சா, தூங்கினீங்களா என்பதோடு நின்றுவிட்டது. நானும் எத்தனையோ தரம் வாய் திறந்து, போட்டாச்சும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். விதியை மதித்தது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை, உன்னால் இங்கே யாருக்கும் தொற்று வரவில்லை, அது உண்மை. ஆனால் வேண்டாம் என்று சொன்ன குரல் பெரியவருடையது இல்லை, என்னுடையது. அதனால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் என்று எழுத எனக்கு வராது. உன் மனம் புண்பட்டது. புண்படுத்தியவன் நான். என்னை மன்னித்துவிடு. இந்த ஒரு வரியை நான்கு தாளில் எழுதிப் பார்த்து, நேராக நின்ற தாளை உனக்கு அனுப்புகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய் நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, நீண்ட நாள் இருக்க வேண்டும். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது, குட்டியின் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். இதற்குப் பதிலைப் போனில் சொன்னால் நான் எடுக்க மாட்டேன், பெரிய பெரிய எழுத்தாக எழுதி அனுப்பு, எவ்வளவு நேரம் ஆனாலும் நானே படித்துக்கொள்வேன். வாசல் வேலை போனதில் காலைகள் எல்லாம் காலியாகிவிட்டன, அதனால் வருகிற வாரமும் இந்தப் பல்லி உன் வீட்டுக்கு வரும்.

கைநாட்டாக இல்லாமல் கையெழுத்தாகவே,
உன் அப்பா